பச்சைக் கதவு வீட்டின் மேல் ஒரு புள்ளி

தொடக்கப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்த இணையதளங்களை எப்படிப் பயன்படுத்துவது என்று, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் என்னை நாலு வார்த்தை சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். எந்தத் தளம் நல்லது, எதை எங்கே தொட வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தளங்கள் எல்லாம் எவ்வளவோ மாறியிருக்கும். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே ஒரு நாளின் கதை. அன்று என்னால் ஒரு தாய்க்கும் மகளுக்கும் ஆபத்து வந்தது. எதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

போடியில் மலைப்பக்கமாகப் போகும் சாலையில் எங்கள் பள்ளி. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் விடியும்போதே ஜீப்பில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். சாயங்காலம்தான் திரும்புவார்கள். அம்மா எந்தப் பக்கம் போகிறாள், எப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறாள் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வரைபடப் பாடம் வந்தபோது அதைக் காட்டலாம் என்று நினைத்தேன்.

செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் ஒரு வரைபட இணையதளத்தைத் திரையில் விரித்தேன். போடிமெட்டு மலைச்சாலையின் வளைவுகள் மேலிருந்து பார்த்தால் கோலத்தில் இழுத்த கம்பி போலத் தெரிந்தன. பிள்ளைகள் எழுந்து திரைக்கே வந்துவிட்டார்கள். "சார், எங்காத்தா இந்த வழியாத்தான் போகுமா? இம்புட்டு வளைவா?" என்று ஒருத்தன் வாயைப் பிளந்தான். அந்தத் தளத்தில் நாமே ஒரு வரைபடம் தயாரித்து, விரும்பிய இடத்தில் புள்ளி வைத்துக் குறிப்பு எழுதலாம். 'எங்கள் வீடு, எங்கள் வேலை' என்று தலைப்பு வைத்தேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டின் மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வீட்டில் யார் யார், என்ன வேலை, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று எழுத வேண்டும்.

எங்கள் தலைமையாசிரியை அன்று வகுப்பு வாசலில் நின்று பார்த்தார். அதிகம் பேசாதவர். "நல்லாருக்கு சார். இத யாரெல்லாம் பாக்க முடியும்?" என்று கேட்டார்.

"எல்லாரும் பாக்கலாம் டீச்சர். அதான் இதுல விசேஷமே" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அந்த வருஷம் நடுவில் வந்து சேர்ந்த பெண் அபிநயா. அவளும் அவள் அம்மா ஈஸ்வரியும் வைகைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்து, எங்கள் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தார்கள். எல்லோரும் புள்ளி வைத்து முடித்தார்கள். அபிநயா எழுந்து வரவே இல்லை.

"வாம்மா, உன் முறை."

"வேணாம் சார்."

"ஏன்?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சம் என்று நினைத்தேன். சின்ன வீடு என்று வெட்கப்படுகிறாள் என்றுகூட நினைத்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளோடு இருந்தவன் என்ற நினைப்பு எனக்கு. "உன் வீடு மட்டும் இல்லாம படம் எப்படிம்மா முழுசாகும்? எல்லாரும் வச்சிருக்காங்கல்ல?" என்று சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். பிள்ளைகளும் "வா அபி, வா அபி" என்று கத்தினார்கள். வேறு வழியில்லாமல் வந்தாள். தன் தெருவைக் கண்டுபிடித்துப் புள்ளி வைத்தாள். எழுதினாள்: 'பச்சைக் கதவு வீடு. நானும் அம்மாவும் மட்டும். அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறார். காலை ஆறு மணிக்கு ஜீப்பில் போய் மாலை ஐந்தரைக்கு வருவார்.'

பிழையில்லாமல் எழுதியிருந்தாள். பாராட்டினேன். அவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மாலையே அந்த வரைபடத்தின் இணைப்பைப் பள்ளியின் சமூக ஊடகப் பக்கத்தில் போட்டேன். திரைக்கு முன்னால் பிள்ளைகள் நிற்கும் படத்தையும் சேர்த்தேன். ஆசிரியர் குழுக்களிலும் பகிர்ந்தேன். எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்தது. ஓய்வு பெறும் வயதில் இப்படி ஒரு ஆர்வமா என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை என் மனைவியிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, முற்பகல் இடைவேளை முடிந்த நேரம். தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்கு அழைத்தார். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. மடியில் ஒரு துணிக்கடைப் பை. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"சார், இது நீங்க செஞ்சதுதான?" என்று கைபேசியை நீட்டினார். எங்கள் வரைபடம். "ரொம்ப நல்லாருக்கு சார். எங்க சொந்தக்காரப் பய ஒருத்தன் பாத்துட்டு அனுப்புனான். இதப் பாத்துத்தான் வழி கண்டுபிடிச்சு வந்தேன்."

ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன்.

"அபிநயாவோட அப்பாவாம் சார்" என்றார் தலைமையாசிரியை. அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் என் கண்ணை விட்டு அவர் பார்வை நகரவில்லை. "புள்ளைய ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும்னு கேக்குறாரு. வகுப்புல பரீட்சை நடக்குதில்ல? முடிய எவ்வளவு நேரமாகும்னு பாத்துட்டு வாங்க."

அன்று எந்தப் பரீட்சையும் இல்லை.

எனக்குப் புரிந்தது. வகுப்புக்குப் போனேன். அபிநயாவின் இடம் காலியாக இருந்தது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் கேட்ட குரலை வைத்தே கண்டுகொண்டிருக்கிறாள். குனிந்தேன். அவள் உதடு வெளுத்திருந்தது.

"சார், அப்பாட்ட விட்டுறாதீங்க சார். அம்மா கைய ஒடிச்சாரு. அடுத்த தடவ கொன்னுருவேன்னு சொன்னாரு. அதான் நாங்க சொல்லாம வந்துட்டோம்."

நான் அவளைப் புள்ளி வைக்கக் கையைப் பிடித்து இழுத்து வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியையைக் கூப்பிட்டு, கதவை உள்ளே தாழ்போட்டு எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு அறைக்குத் திரும்பினேன்.

"பரீட்சை முடிய நேரமாகும் டீச்சர்" என்றேன்.

"முடிஞ்சாலும் இப்பிடி அனுப்ப முடியாதுங்க" என்றார் அவர், அந்த ஆளிடம். "புள்ளையச் சேத்தது அதோட அம்மா. அவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் அனுப்புவோம். இங்க யாருக்கும் அதுதான் வழக்கம்."

அந்த ஆளின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "நான் பெத்த புள்ளைய நான் கூட்டிட்டுப் போக ஒங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

"அம்மா வரணும்."

"போலீசக் கூப்புடட்டுமா?"

"தாராளமாக் கூப்புடுங்க. வரட்டும், பேசுவோம்."

அவர் கைபேசியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். மறுபடியும் சிரித்தார். "வேணாம் டீச்சர். எதுக்கு வம்பு? அவதான் அஞ்சரைக்கு வந்துருவாளே. பச்சைக் கதவு வீடுதான? நான் அவளையே பாத்துப் பேசிக்கிறேன்."

துணிக்கடைப் பையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

நான் முதலில் செய்த காரியம் அந்த வரைபடத்தை அழித்தது. அவசரத்தில் இரண்டு தடவை தவறாகத் தொட்டேன். அழித்து முடித்ததும் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்தது. அவருக்கு வேண்டியது எல்லாம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

தலைமையாசிரியை என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. குழந்தைகள் உதவி எண்ணுக்கும் மகளிர் காவல் நிலையத்துக்கும் பேசினார். அங்கிருந்த பெண் எஸ்.ஐ. வீட்டுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். ஈஸ்வரியின் எண்ணுக்கு நான் திரும்பத் திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. எந்தத் தோட்டம் என்று மகளுக்கும் தெரியவில்லை.

"வீட்டுக்குப் போலீசு போகும் சார்" என்றார் தலைமையாசிரியை. "ஆனா அந்தம்மா ஜீப்ப விட்டு எறங்கி வீட்டுக்கு நடக்கணும். அவன் எந்த முக்குல நிப்பான்னு யாருக்குத் தெரியும்? அவங்க எறங்குறதுக்கு முன்னாடி நீங்க புடிக்கணும். நான் புள்ளைய விட்டு நகர மாட்டேன்."

அபிநயாவிடம் கேட்டேன். "அம்மா போற ஜீப்பு எப்படி இருக்கும்மா?"

"கண்ணாடிக்கு மேல மயில் தோகை சொருகியிருக்கும் சார். ஒரு பக்கத்து லைட்டு மட்டும் மஞ்சளா எரியும்."

அந்தப் பெண் அவ்வளவு பயத்திலும் சரியாகச் சொன்னாள்.

மலைமேல் போய்த் தேடலாமா என்று யோசித்தேன். தோட்டம் தெரியாமல் எங்கே தேடுவது? நான் ஒரு பக்கம் ஏற, ஜீப் இன்னொரு பாதையில் இறங்கினால்? எந்தத் தோட்டத்து ஜீப்பானாலும் அடிவாரச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போடிக்குள் வர வேண்டும். அங்கே நிற்பதுதான் சரி என்று முடிவு செய்தேன். ஐந்தரைக்கு வருகிற ஜீப்புக்கு நாலரைக்குப் போனால் போதும் என்று தோன்றியது. ஆனால் மதியம் மூன்று மணிக்கு மலை கருத்துவிட்டது. மழை பிடித்தால் தோட்டத்தில் வேலையை முன்னதாகவே முடித்துவிடுவார்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

சாவடியை நெருங்கும்போது தூறல் ஆரம்பித்தது. எதிரே இருந்த தின்பண்டக் கடையின் கூரைக்குக் கீழே ஒரு பைக் நிற்பதைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் சலவைச் சட்டை. அந்த ஆள்தான். கையில் டீ கிளாசோடு மலைச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் போலீசைப் பார்த்துவிட்டு இங்கே வந்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வண்டியை நிறுத்தவா, போகவா? சாவடியில் இருந்த காவலரிடம் போய்ச் சொல்லலாம். ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றி, விஷயத்தை விளக்கி, அவர் நம்பி எழுந்து வருவதற்குள் அந்த ஜீப் வந்து நின்றுவிட்டால் என்ன செய்வது? தவிர, என் முகத்தைப் பார்த்தாலே நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அந்த ஆளுக்குப் புரிந்துவிடும். யோசிக்கக் கிடைத்தது நாலைந்து விநாடி. ஹெல்மெட்டின் முகமறைப்பை இறக்கிவிட்டுக்கொண்டு, அவரைத் தாண்டி, சாவடியைத் தாண்டி, நேராக மேலே ஏறினேன். முதுகு முழுக்கக் கண் முளைத்த மாதிரி இருந்தது. பின்னால் வண்டிச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே போனேன். வரவில்லை.

மூன்றாவது வளைவில் சாலை கொஞ்சம் அகலம். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு எஸ்.ஐ.க்கு அடித்தேன். சிக்னல் வந்து வந்து போனது. அந்த ஆள் சாவடிக்கு எதிரில் நிற்கிறார் என்று சொல்லி முடித்தேன். "அந்தம்மாவ அங்க எறக்கிறாதீங்க. நேரா ஸ்டேசனுக்குக் கூட்டிட்டு வாங்க. நாங்க கீழ வர்றோம்" என்றார் அவர்.

அப்புறம் மழை கொட்டியது. ஒன்றன் பின் ஒன்றாக ஜீப்புகள் இறங்கின. ஒவ்வொன்றும் வளைவில் திரும்பும்வரை கண்ணாடிக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்த பிறகு மறிக்க இருக்கும் தூரம் பத்தடிதான். சில வண்டிகளை வீணாக நிறுத்தி ஏச்சு வாங்கினேன். ஒரு வண்டியைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேனோ என்று ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது. இறங்கிப் போய்விடலாமா என்று ஸ்கூட்டர் பக்கம் நாலு எட்டு வைத்தேன். அப்போது வளைவில் ஒரு மஞ்சள் விளக்கு தெரிந்தது. பக்கத்திலிருந்த மற்ற விளக்கு வெள்ளை.

சாலை நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். ஜீப் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. மயில் தோகை நனைந்து தொங்கியது.

"என்ன சாரு, சாகப் பாக்கீகளா?" என்று டிரைவர் கத்தினார்.

"ஈஸ்வரி இருக்காங்களா?"

பின்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து ஒரு முகம் வெளியே வந்தது. "எம் புள்ளைக்கு என்ன சாரு?"

"பாப்பா நல்லாருக்காம்மா. டீச்சர்கிட்ட இருக்கா. உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரு. கீழ சாவடிக்கு எதுக்க நிக்கிறாரு."

ஈஸ்வரியின் ஒரு கை மற்றக் கையின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டது. பிறகு கேட்டார். "நாங்க இங்க இருக்குறது அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த மழையில் யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள்.

"என்னாலதாம்மா. பிள்ளைகள வச்சு ஒரு படம் போட்டேன். அதுல உங்க வீடு, நீங்க வர்ற நேரம் எல்லாம் இருந்துச்சு. யார் வேணும்னாலும் பாக்குற மாதிரி போட்டுட்டேன்."

"அவ வேணாம்னு சொல்லலையா?"

"சொன்னா."

அதன் பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை.

அவருக்குப் பக்கத்தில் இருந்த வயதான அம்மாள்தான் முதலில் அசைந்தார். "பேசிக்கிட்டு இருக்க நேரமில்லத்தா. நீ கீழ எறங்கி உக்காரு. வெரசா." பெண்கள் காலை ஒடுக்கி இடம் விட்டார்கள். ஈஸ்வரி ஜீப்பின் தரையில் சுருண்டு உட்கார்ந்தார். மழைக்காகத் தலையில் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் தாள்களை ஆளுக்கு ஒன்றாகக் கழற்றி அவர்மேல் போட்டார்கள். மேலே சோத்துப் பாத்திரப் பைகளை அடுக்கினார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டேசன் வாசல்லயே எறக்கி விடுறேன் சாரு. நீங்க பின்னாடியே வாங்க" என்றார்.

மூன்று வளைவும் முப்பது வளைவு போல நீண்டன. சாவடியில் ஜீப் மெதுவாகப் போயே ஆக வேண்டும். வேகம் குறைந்ததும் அந்த ஆள் கிளாசை வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார். பின்பக்கம் தலையை நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் பத்தடி பின்னால் இருந்தேன். அவர் கை ஒரு பிளாஸ்டிக் தாளின் ஓரத்தைத் தொட்டது.

"என்ன மாப்ளே, மழையில நனையிறீக? எடம் வேணுமா? எம் மடியிலதான் எடம் இருக்கு" என்றார் வயதான அம்மாள்.

ஜீப் முழுக்கச் சிரிப்பு. எல்லோரும் உரக்கச் சிரித்தார்கள். அந்த ஆள் கையை இழுத்துக்கொண்டு ஏதோ முனகியபடி பின்வாங்கினார். ஜீப் கிளம்பியது. நான் அவருக்கு ஒரு முழ தூரத்தில் கடந்து போனேன். அடுத்த திருப்பத்தில் போலீஸ் வண்டி எதிரே வந்தது.

நிலையத்தில் இறங்கியதும் அந்தப் பெண்களில் இரண்டு பேர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தலைமையாசிரியை அபிநயாவை ஆட்டோவில் கூட்டி வந்திருந்தார். தாயும் மகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றதை நான் வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. அந்த ஆளைச் சாவடியிலேயே பிடித்துவிட்டதாகவும், அவர் வண்டிப் பெட்டியில் ஓர் அரிவாள் இருந்ததாகவும் எஸ்.ஐ. சொன்னார். வழக்குப் பதிந்தார்கள். நான் நடந்தது முழுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வரைபடத்தைப் பொதுவில் போட்டது நான்தான் என்பதையும் எழுதினேன். துறை விசாரணை வந்தது. கண்டித்து ஒரு கடிதமும் வந்தது. அது நியாயம்தான்.

அதற்குப் பிறகும் இணையதளத்தை வைத்துப் பாடம் நடத்தினேன். நிறுத்தச் சொல்லி உங்களிடம் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் புள்ளிகள் பேருந்து நிலையம், ரயில் நிலையம், சந்தை, ஏலக்காய் ஏல மையம் என்று பொது இடங்களின் மேல்தான். வீடு எங்கே என்று நான் கேட்கவில்லை. ஒரு பிள்ளை வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் கேட்டு நெருக்கவும் இல்லை. பிள்ளைக்கு ஒரு காரணம் இருக்கும். அதை முப்பது பேர் முன்னால் சொல்ல முடியாது. பிறகு உங்களிடம் தனியாகச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். யார் பார்க்கலாம் என்ற கேள்வியை ஒருவர் உங்களிடம் கேட்டால், மணி அடித்தாலும் நின்று பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.

வீட்டைத் தெரிந்துகொண்டவன் வெளியே வந்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்று ஈஸ்வரி ஊரை மாற்ற முடிவு செய்தார். மாற்றுச் சான்றிதழ் வாங்க மகளோடு வந்தார். புதிய பள்ளி பற்றிய விவரங்களைத் தலைமையாசிரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். நான் அந்த அறைக்குள்ளேயே போகவில்லை. அவர்கள் வெளியே வந்தபோது மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க மழையில வந்து நின்னீக சாரு. அத மறக்க மாட்டேன்" என்றார் ஈஸ்வரி. "ஆனா அந்தத் தோட்டத்துல எனக்குப் பழகுன ஆளுக இருந்தாக. இனி மறுபடியும் மொதல்லருந்து ஆரம்பிக்கணும்."

மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை.

அபிநயா என் பக்கத்தில் வந்தாள். "சார், நாங்க போற ஊரு..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லாதம்மா" என்றேன். "எங்கிட்டகூடச் சொல்லாத."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கு எதிரேயிருந்த நிறுத்தத்தில் இரண்டு பேரும் பைகளோடு நின்றார்கள். தூரத்தில் பஸ் வரும் சத்தம் கேட்டது. அதன் பலகையில் என்ன ஊர் எழுதியிருக்கிறது என்று கண்ணில் படுவதற்குள் நான் திரும்பி வகுப்புக்குள் போய்விட்டேன்.